பார்த்ததற்கு ஒரு முத்திரை

குத்தியாயிற்று. வட்டம் சிதையவில்லை, சிவப்பு மை பிசிறவில்லை, எழுத்து ஒரு நூல் அளவுகூடச் சாயவில்லை. சோலையப்பன், கையெழுத்துக்குப் பதிலாக வைத்திருக்கும் தன் பெயர் முத்திரையைத் துணியில் துடைத்து, மூடியைப் போட்டு, சட்டைப் பையில் செருகிய பிறகுதான் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எதன்மேல் குத்தினோம் என்று பார்த்தார். டோக்கியோவின் கிழக்கோரத்தில் இருக்கும் இந்தத் தெருவில் இருபத்திரண்டு வருஷமாக அவர் செய்துவரும் காரியம் இது. மாதத்துக்கு இரண்டு முறை தெருச் சங்கத்தின் அறிவிப்புகளைச் செருகிய அட்டைப் பலகை ஒன்று வீடு வீடாக வரும். குப்பை எடுக்கும் நாள் மாறியது, தீயணைப்புப் பயிற்சி, யாரோ தொலைத்த பூனை. பார்த்துவிட்டு, முதல் தாளில் தன் வீட்டுக்கு என்று இருக்கும் கட்டத்தில் முத்திரை குத்தி, அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். குத்தினால் 'பார்த்தேன்' என்று அர்த்தம். அவ்வளவுதான். பிடித்திருக்கிறது என்றோ பிடிக்கவில்லை என்றோ சொல்ல அந்த முத்திரைக்கு வாய் கிடையாது. பதினான்கு வீடுகள், பதினான்கு கட்டங்கள், அவருடையது பத்தாவது. கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம், இன்றைக்கு ஏறக்குறைய அப்படித்தான் குத்தினார். ஆனால் இன்றைக்கு முதல் தாள் வேறு தாள். அதிலும் அதேபோலப் பதினான்கு கட்டங்கள். வழக்கமான 'பார்த்தேன்' தாள் அதற்கடியில் சமர்த்தாகப் படுத்திருந்தது. பூதக்கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார். வசதியுள்ள முதியோருக்கு அரசாங்கம் கொடுக்கும் பென்ஷனைக் குறைக்க வேண்டும் என்று கேட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்போகும் மனு. ஆதரிப்பவர்கள் மட்டும் முத்திரை இடவும். அந்த 'மட்டும்' என்பதை மட்டும் மூன்று முறை படித்தார். அடுத்த வீடு, பதினோராவது வீடு, டோகாஷி அம்மாளுடையது. இந்தத் தெருவில் வசதியுள்ள முதியோர் யார் என்று கேட்டால், தொலைந்துபோன அந்தப் பூனைகூட வந்து அந்த வீட்டு வாசலில்தான் உட்காரும். அந்த அம்மாள்தான் அவர் குடியிருக்கும் அறையின் சொந்தக்காரி. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் வாடகைப் பத்திரம் இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது. இன்றைக்குத் தேதி பத்தொன்பது.

எல்லாம் அந்த நிஷிவாகியால் வந்தது. ஒன்பதாம் வீட்டு நிஷிவாகி, பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், பஸ்ஸின் கடைசி இருக்கை வரைக்கும் கேட்க வேண்டும் என்கிற மாதிரியே இன்னும் பேசுகிறவர், காலை ஒன்பது மணிக்கு மணியை அடித்துவிட்டு மணி அடித்தது போதாது என்று கதவையும் தட்டினார்.

"சோரா-சான்! பலகை வந்தாச்சு!"

சோலையப்பன் என்பது இந்த ஊர் வாயில் நிற்காது, முத்திரையிலும் நிற்காது. முதன்முதலில் முத்திரை வெட்டப் போன கடையில், 'இத்தனை பெட்டி உள்ள ரயிலை இந்த வட்டத்துக்குள்ள எப்படிங்க நிறுத்தறது?' என்று சிரித்துவிட்டு, கடைக்காரர் சோரா என்று இரண்டே எழுத்தில் வெட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து, மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து, அவர் சோரா-சான்.

"குளிர் எப்படி?"

"குளிருதுங்க."

"சீக்கிரம் பார்த்துட்டு அந்தப் பக்கம் தள்ளிடுங்க. இந்தத் தடவை முக்கியமான தாள் ஒண்ணு இருக்கு, மேலேயே வச்சிருக்கேன்."

"சரிங்க."

"உங்களை மாதிரி ஆளுக்குத்தான் அது நல்லது. புரியுதா?"

"சரிங்க."

மேலேயே வைத்திருக்கிறேன் என்று சொன்னாரே! சொன்னார். சத்தமாகவே சொன்னார். சொல்லாமல் ஏமாற்றிவிட்டார் என்றுகூட அவர்மேல் பழி போட முடியாது. சரிங்க என்று சொன்ன நேரத்தில் சோலையப்பனின் கவனம் முழுதும் மாவுச் சட்டியில் இருந்தது. பிப்ரவரிக் குளிரில் தோசை மாவு புளிக்காது. அதற்காகக் கொத்தாத்ஸுவுக்குள், அதாவது அடியில் ஹீட்டர் பொருத்தி மேலே பஞ்சு மெத்தை போர்த்திய அந்தக் குட்டை மேசைக்குள், துண்டு சுற்றிய சட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மணிச் சத்தத்துக்கு எழுந்து வந்திருந்தார். எழுந்தபோது காலால் தள்ளிவிட்டோமோ என்பது ஒரு கவலை, வாசலில் கதவு திறந்திருந்தால் சூடு போய்விடும் என்பது இன்னொன்று. சரிங்க, சரிங்க. நாற்பது வருஷமாக இந்த நாட்டில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளியாயிற்று. வெங்காயம் இன்னும் பொடியாக நறுக்க வேண்டும் என்றாலும் சரிங்க, இந்த மாதம் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போகும் என்றாலும் சரிங்க. கேட்டுவிட்டுச் சொல்வதில்லை, கேட்பதைச் சீக்கிரம் முடித்துக்கொள்வதற்காகச் சொல்வது. இப்போது பாருங்கள், தனக்கு முன்னால் ஒன்பது வீடுகள். அதில் குத்தியவர்கள் ஐந்து பேர், குத்தாமல் விட்டவர்கள் நான்கு பேர். நான்கு பேர் படித்திருக்கிறார்கள்! பல் டாக்டர் வீட்டுக் கட்டம் காலி, அது சரி, அவர் குத்த மாட்டார். அரிசிக்கடை வீடு காலி. மூன்றாம் வீடு காலி. ஏழாம் வீட்டுப் பாட்டு டீச்சர் காலி, அவரிடம் ஒன்றும் கிடையாது, பியானோவைக்கூடப் போன வருஷம் விற்றுவிட்டார், ஆனாலும் குத்தவில்லை. ஏன் குத்தவில்லை? தான் பணக்காரி என்று நினைத்துக்கொண்டா, அல்லது ஒருநாள் ஆகிவிடலாம் என்றா? குத்திய ஐந்து பேரில் கடைசி நிஷிவாகியே. அவருக்குக் கால்வாய் ஓரத்தில் கார் நிறுத்தும் இடம் இரண்டு இருக்கிறது, மாத வாடகைக்கு விட்டிருக்கிறார். வியாழக்கிழமை தவறாமல் கோல்ஃப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார். அவரும் வசதியுள்ள முதியோர் பென்ஷனைக் குறைக்கச் சொல்கிறார். அப்படியென்றால் கோடு எங்கே? தாளில் தேடினார். 'போதுமான வசதி' என்று இருக்கிறதே தவிர, எத்தனை யென் இருந்தால் போதும் என்று ஒரு எண்கூட இல்லை. எண் இல்லாமல் ஒருவன் மனு எழுதுவானா? உப்பு எவ்வளவு என்று சொல்லாமல் சமையல் சொல்லிக்கொடுப்பதைப் போல. தன்னைவிட ஒருபடி மேலே இருக்கிறவன்தான் பணக்காரன் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு குத்திக்கொண்டே போனால் பதினான்காம் வீட்டில் யார் மிஞ்சுவார்கள்? மச்சினன் செல்லப்பாண்டியைக் கேட்டால் சோலையப்பனும் பணக்காரன்தான். பரமக்குடியிலிருந்து போன வாரம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"மச்சான், அங்க வயசான ஆளுக்கெல்லாம் கெவர்மெண்டு கொட்டிக் குடுக்குதாம்ல? எவ்வளவு மச்சான் வருது?"

"எண்பத்து நாலாயிரம்."

"யாத்தே!"

"ரெண்டு மாசத்துக்கு. வாடகை மாசம் முப்பத்தெட்டு. ரெண்டு மாசத்துக்கு எழுபத்தாறு போச்சுன்னா எட்டாயிரம் மிச்சம். அதான் இன்னும் வாரம் மூணு நாள் ஓட்டலுக்கு வெங்காயம் வெட்டப் போறேன்."

"அதெல்லாம் இருக்கட்டும் மச்சான், எம்பத்து நாலாயிரம் எம்பத்து நாலாயிரம்தான. நீங்க வசதியான ஆளு!"

வசதியான ஆள். அந்த வசதியான ஆளின் பதினோரு வருஷம்தான் செல்லப்பாண்டி ஓட்டிய மோட்டார் சைக்கிள். அதை அவனிடம் சொன்னதில்லை, தங்கை பூமயிலிடமும் சொன்னதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலில் இந்த நாட்டுக்குச் சமையல்காரனாக வந்து, தொண்ணூற்றைந்து முடியும் வரை மாதம் தவறாமல் சம்பளத்தில் பென்ஷனுக்குப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் ஊரோடு போய்விடுவது, பூமயில் கல்யாணத்தை முடித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன ஓட்டல் போடுவது என்று முடிவு. அப்போதுதான் கூட வேலை பார்த்தவன் ஒருவன் சொன்னான், நாட்டைவிட்டுப் போகிற வெளிநாட்டுக்காரன் கேட்டால் கட்டிய பணத்தை மொத்தமாகத் திருப்பித் தருகிறார்களாம், புதுசாக வந்திருக்கிறது என்று. மொத்தமாக என்று அவன் சொன்னது ஒரே தவணையில் என்ற கணக்கில். சோலையப்பன் அதை முழுதாக என்று எடுத்துக்கொண்டு படிவத்தில் முத்திரை குத்தினார். அன்றைக்கும் வட்டம் சிதையவில்லை. வாழ்க்கையில் தப்பாகக் குத்திய முத்திரைகள் எல்லாம் அவருக்கு அழகாகவே விழுந்திருக்கின்றன. பதினோரு வருஷம் கட்டியவனுக்கு மூன்று வருஷக் கணக்கில்தான் பணம் வந்தது, வந்ததோடு அந்தப் பதினோரு வருஷமும் துடைத்ததுபோல இல்லாமல் போனது. கல்யாணம் நடந்தது. மோட்டார் சைக்கிள் வாங்கியாயிற்று. ஓட்டல் பத்தொன்பது மாதம் நடந்தது. திரும்ப இங்கேயே வந்து, நாற்பத்தைந்து வயதில் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். 'அந்தக் காலம் இப்போது இல்லைங்க' என்று பென்ஷன் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள், சொல்லிவிட்டு எழுந்து நின்று குனிந்தாள். இல்லாமல் போன காலத்துக்கு அவள் செய்த அஞ்சலி. பிறகு அறுபது வரை பதினைந்து வருஷம் கட்டியும், பென்ஷன் வாங்க இருபத்தைந்து வருஷம் வேண்டும் என்று விதி இருந்தது. அறுபத்து நாலாம் வயதில் யாரோ மனசு வைத்து அதைப் பத்தாக்கினார்கள், இல்லாவிட்டால் அந்த எண்பத்து நாலாயிரமும் இல்லை. பதினோரு வருஷம் கையில் இருந்திருந்தால் பதினொன்றும் பதினைந்தும் இருபத்தாறு. இருபத்தாறு. இந்தக் கூட்டலை அவர் குளிக்கும்போது, படியேறும்போது, வெங்காயம் வெட்டும்போது போட்டிருக்கிறார். எத்தனை முறை போட்டாலும் இருபத்தாறு என்றே வரும், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

சரி, அது தன் முட்டாள்தனம். அதற்கும் டோகாஷி அம்மாளுக்கும் என்ன சம்பந்தம்? அவர் கணவர் பெரிய மின்சாரக் கம்பெனியில் நாற்பது வருஷம் இருந்தார், கட்டினார். அம்மாளும் கட்டினார். கட்டியவருக்குக் கொடுக்கிறார்கள். நாற்பது வருஷம் வாங்கிக்கொண்டு கடைசியில் உனக்குத்தான் இருக்கிறதே என்று குறைத்தால் அது என்ன நியாயம்? வாக்குக் கொடுத்ததுதானே. பதினோரு வருஷம் போன வலி தெரிந்தவன், இன்னொருத்தருக்குப் போகட்டும் என்று குத்துவானா? குத்தக் கூடாது. ஆனால் தபால் ஆபீஸ்! அதை நினைத்தாலே அவருக்குப் பல் கூசும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பதினைந்தாம் தேதி பென்ஷன் விழும், தெருவே தபால் ஆபீஸ் இயந்திரத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கும். இந்தத் தடவை அந்த அம்மாளுக்கு அடுத்தபடி சோலையப்பன். அம்மாள் ஒரு பாஸ்புக்கை உள்ளே விட்டார், இயந்திரம் சொல்லுகிற எல்லாவற்றுக்கும் 'ஆமாம், ஆமாம்' என்று பதில் சொன்னார், நோட்டுக் கட்டை வெளியே எடுத்தார், எண்ணினார், கைப்பையிலிருந்து வேறொரு பாஸ்புக்கை எடுத்து அதே இயந்திரத்தில் விட்டு, அதே நோட்டுக் கட்டை அதே வாய்க்குள் திரும்ப வைத்தார். ஏழு நிமிஷம். பின்னால் பதின்மூன்று பேர். ஒரு புத்தகத்திலிருந்து எடுத்து இன்னொரு புத்தகத்தில் போடுவதற்கு எதற்கு அந்தப் பணம்? ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற சரிதா, நேபாளத்துப் பெண், இரண்டு பிள்ளைக்காரி, சம்பளச் சீட்டை ஈரக்கையோடு கொண்டுவந்து நீட்டினாள், அதே வாரம்தான்.

"சோரா-சான், இந்த வரியில எவ்வளவு பிடிச்சிருக்காங்க பாருங்க. இது யாருக்குப் போகுது?"

"எங்களுக்கு. வயசானவங்களுக்கு."

"உங்களுக்குன்னா போகட்டும்," என்று சிரித்தாள். "ஆனா உங்களுக்கு மட்டுமா போகுது?"

அவர் வெங்காயத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அவள் கழுவிய தட்டுகளிலிருந்து போகிற காசு ஒரு புத்தகத்திலிருந்து எழுந்து இன்னொரு புத்தகத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது என்று எப்படிச் சொல்வது? அப்படியானால் குத்தியது சரிதான். சரியா? அந்த அம்மாளா கெட்டவர்? இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுத் தரகர்கள் பதினோரு பேர் கையை விரித்தார்கள். ஜாமீன் யார், தனி ஆளா, மசாலா வாசனை வருமா. பன்னிரண்டாவதாகத் தரகர் இல்லாமல் நேரே போய் இந்த வாசலில் நின்றபோது, அந்த அம்மாள் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'முத்திரை வச்சிருக்கீங்களா?' வைத்திருந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பத்து முறை புதுப்பித்தாயிற்று, வருகிற இருபத்தெட்டு பதினோராவது. போன வருஷம் கூரை ஒழுகியபோது, ஓரமாக வாளியை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் பதினெட்டு நாள் இருந்தார். அம்மாள் எப்படியோ கண்டுபிடித்து ஆளை அனுப்பிச் சரிசெய்தார், ஒரு யென் கேட்கவில்லை. அந்த அம்மாளைப் பார்த்துத்தான், உனக்கு ஜாஸ்தி, குறைக்க வேண்டும் என்று அழகாக, சாயாமல், வட்டம் சிதையாமல் குத்தி வைத்திருக்கிறார். எழுபத்திரண்டு வயதுத் தனிக்கட்டைக்கு இனி இந்த ஊரில் யார் வீடு கொடுப்பார்கள்? பதினோரு தரகர்கள் ஐம்பது வயதுக்காரனுக்கே கையை விரித்தார்கள். இப்போது உள்ளே செத்துக் கிடந்தால் என்ன செய்வது என்று அதையும் சேர்த்துக்கொள்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல, மரியாதையாக, குனிந்து.

ஏதாவது செய்ய வேண்டும். தாளைக் கிழித்துவிடலாம். மற்ற ஐந்து பேர் முத்திரை அதில் இருக்கிறதே, கிழிப்பதற்கு இவர் யார்? தாள்மேல் மாவைக் கொட்டிவிடலாம், தவறுதலாகக் கொட்டிவிட்டது என்று. தவறுதலாகக் குத்தியதை மறைக்க வேண்டுமென்றே ஒரு தவறு, அதற்கு நல்ல உளுந்து நாசம். டோகாஷி வீட்டைத் தாண்டிப் பன்னிரண்டாம் வீட்டில் நேரே கொடுத்துவிடலாம். நிஷிவாகி கத்தியது இந்தச் சுவர் தாண்டி அந்த வீட்டு அடுப்படிக்கே கேட்டிருக்கும், பலகை எங்கே என்று அம்மாள் பத்தே நிமிஷத்தில் வெளியே வந்து நிற்பார். இந்த நாட்டில் இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. தப்பாக எழுதியதன்மேல் இரண்டு கோடு போட்டு, அந்தக் கோட்டின்மேல் அதே முத்திரையைக் குத்த வேண்டும். ஒரு முத்திரையை அழிக்க இன்னொரு முத்திரை! எல்லார் கட்டத்திலும் ஒன்று, இவர் கட்டத்தில் இரண்டு, நடுவில் சிவப்பில் ஒரு விபத்து. குத்தினான், பயந்தான், திரும்பக் குத்தினான் என்று பதினான்கு வீடும் படிக்கும். அதற்கு வாயால் சொல்லிவிடுவதே மேல். நான் படிக்காமல் குத்திவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். படிக்காமல் குத்திவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நாக்கில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். இதில் பொய் இல்லை. படிக்காமல்தான் குத்தினார். பிறகு ஏன் சொல்லச் சொல்ல பொய் மாதிரியே இருக்கிறது? ஒன்பது மணிக்கு அது உண்மை. இப்போது மணி பத்து முப்பத்தெட்டு. இந்த ஒரு மணி முப்பத்தெட்டு நிமிஷத்தில் படித்தாயிற்று, தபால் ஆபீஸை நினைத்தாயிற்று, சரிதாவின் சீட்டை நினைத்தாயிற்று. இதே தாளை இப்போது புதுசாகக் கொண்டுவந்து நீட்டினால் குத்துவாயா மாட்டாயா? சீ, யார் கேட்டார்கள் அதை? யாரும் கேட்கவில்லை. காலில் சட்டி தட்டுப்பட்டது. மாவு பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த தாளில் 'பார்த்தேன்' கட்டத்தில் குத்த வேண்டியதைக் குத்தி, பலகையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

அவர் வாசலிலிருந்து அந்த வாசலுக்குப் பதினேழு அடி. பதினைந்தாவது அடியிலேயே கதவு திறந்துவிட்டது. எண்பத்து நான்கு வயதிலும் டோகாஷி அம்மாள் மூக்குக்கண்ணாடி போடுவதில்லை.

"நிஷிவாகி கத்தினது ஒன்பது மணிக்கு," என்றார். "இப்ப மணி என்ன? உள்ளே விழுந்து கிடக்கறீங்களோன்னு பார்க்க வரலாம்னு இருந்தேன்."

"மன்னிச்சுக்கோங்க."

அம்மாள் பலகையை வாங்கி, வாசல்படியிலேயே நின்று மேல் தாளைப் படித்தார். உதடு அசையாமல், ஒரே மூச்சில். பிறகு விரலை வைத்து மேலிருந்து கீழே முத்திரைகளை எண்ணிக்கொண்டு வந்தார். விரல் பத்தாவது கட்டத்தில் நின்றது. சோலையப்பன் குடை வைக்கும் ஜாடியைப் பார்த்தார். நான்கு குடைகள். ஒன்று ஆண்கள் குடை.

"ஆறு பேர். ஆறாவது நீங்க."

"ஆமாங்க."

"இது மேலே இருந்திருக்கு. நீங்க எப்பவும் முதல் தாள்ல குத்துவீங்க. பார்த்தேன் தாள்னு நினைச்சுக் குத்திட்டீங்க, அப்படித்தானே?" பதிலுக்குக் காத்திராமல் உள்பக்கம் கை நீட்டிச் செருப்பு அலமாரிமேல் இருந்த பேனாவை எடுத்தார். "இந்த நிஷிவாகிக்கு வேற வேலை இல்லை. கோல்ஃப் ஆடற ஆளுக்கு ஏழைப் பாசம். வாங்க, ரெண்டு கோடு போடுங்க. முத்திரை பையிலதானே இருக்கு?"

ஒரு மணி நேரமாக நாக்கில் புரட்டிய வாக்கியத்தை அந்த அம்மாளே எடுத்து வாயில் ஊட்டிவிட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம். சரிங்க என்றால் போதும். நாற்பது வருஷம் பழகிய சொல், தானாக வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. சரிங்க. இருபத்தெட்டாம் தேதி. பதினோரு தரகர்கள். பேனாவின் மூடியை அம்மாள் கழற்றியாகிவிட்டது. அவருக்கு ஏனென்று தெரியவில்லை, ஈரமான அந்தச் சம்பளச் சீட்டுத்தான் கண்ணில் நின்றது, மை கொஞ்சம் கலங்கிய அந்த வரியோடு.

"தவறுதலாத்தான் குத்தினேங்க," என்றார். பிறகு, குடைகளைப் பார்த்தபடியே, "ஆனா கோடு போட வேண்டாங்க."

அம்மாள் பேனா மூடியை மாட்டினார். டக்கென்று சத்தம் வந்தது.

"என் பென்ஷன் எங்கே போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா, சோரா-சான்?"

"ஒரு புத்தகத்துலேருந்து இன்னொரு புத்தகத்துக்குங்க." சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. காது சூடானது. "பின்னாடி நின்னுட்டிருந்தேங்க."

"பார்த்திருக்கீங்க. அந்த இன்னொரு புத்தகம் இருக்கே, அதுதான் உங்க கூரை. நான் வாடகைக்கு விட்டிருக்கற ஆறு வீட்டுக்கும் கூரை. குழாய் வெடிச்சா குழாய். இதைக் குறைச்சா நான் எங்கே போவேன்? வாடகையைத்தான் கூட்டுவேன். அதைக் கணக்குல சேர்த்தீங்களா?"

சேர்க்கவில்லை. முப்பத்தெட்டாயிரத்தை எழுபத்தாறாக்கினார், பதினொன்றையும் பதினைந்தையும் கூட்டினார், வரிசையில் நின்றவர்களை எண்ணினார், நிமிஷங்களை எண்ணினார். பணம் அந்தப் புத்தகத்தில் படுத்துத் தூங்குகிறது என்று நினைத்தாரே தவிர, அது தன் தலைக்குமேல் விரித்துக் கிடப்பதை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அவருக்கு அவர்மேலேயே எரிச்சலாக வந்தது.

"சேர்க்கலைங்க."

"சேர்த்திருந்தா குத்தியிருப்பீங்களா?"

குளிர் செருப்புக்குள் ஏறியது.

"எவ்வளவு கூடுங்க?" என்றார்.

அம்மாள் அவரையே பார்த்தார். முதன்முதலில் பார்த்ததுபோல மேலும் கீழுமாக. பிறகு மூக்கால் ஒரு சத்தம், சிரிப்பாகவும் இருக்கலாம்.

"எனக்கு எப்படித் தெரியும்? அதெல்லாம் என் வீட்டுக்காரர் பார்த்தது. அவர் போய்ப் பதினாறு வருஷமாச்சு. நான் எடுக்கறேன், போடறேன், அவ்வளவுதான். நீங்கதான் எல்லாத்தையும் எண்ணற ஆளு, நீங்களே போட்டுக் கொண்டு வாங்க. என்கிட்டேருந்து எவ்வளவு குறைக்கலாம், அதனால வாடகை எவ்வளவு கூட்டலாம். ரெண்டையும் எழுதிக்கிட்டு இருபத்தெட்டாம் தேதி பத்து மணிக்கு வாங்க. நியாயமா எழுதினா நான் அதுலேயே குத்தறேன்."

"நானாங்க?"

"கோடு போட வேண்டாம்னது யாரு?"

அங்கேயே நின்று, அடியிலிருந்த 'பார்த்தேன்' தாளில் தன் கட்டத்தில் அம்மாள் முத்திரையைக் குத்தினார், லேசாகச் சாய்ந்து விழுந்தது. மேல் தாளில் தன் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பன்னிரண்டாம் வீட்டுப் பக்கம் நடந்தார்.

திரும்பிவரும் பதினேழு அடியில் சோலையப்பனுக்கு ஒவ்வொரு அடிக்கும் ஒரு தொல்லை கூடிக்கொண்டே வந்தது. அம்மாளுக்கு எவ்வளவு வருகிறது என்று தெரிய வேண்டும், அதைக் கேட்க வேண்டும், அதைப் போய் யாராவது கேட்பார்களா? கூரை எத்தனை வருஷம் தாங்கும்? குறைவாகக் குறைத்தால் தன் முத்திரைக்கு அர்த்தமில்லை, அதிகமாகக் குறைத்தால் அந்தப் பணத்தைத் தானே வாடகையாகக் கட்ட வேண்டும். வாடகையைக் கம்மியாகக் கூட்டினால் திருட்டு, அதிகமாகக் கூட்டினால் வெங்காயம் நான்கு நாள். எல்லாவற்றுக்கும் முன்னால், எத்தனை யென் இருந்தால் ஒருவருக்குப் போதும் என்று ஓர் எண் வேண்டும், அது இல்லாமல் எதுவும் ஆரம்பிக்காது. மனு எழுதியவன் போடாமல் நழுவிய அந்தக் கோட்டை, நிஷிவாகி தன் தலைக்குமேல் போட்டுக்கொண்ட அந்தக் கோட்டை, ஒன்பது நாளில் இவர் போட வேண்டும். இரண்டே எழுத்து முத்திரைக்காரன். கதவைத் திறந்தார். கொத்தாத்ஸு மெத்தையின் விளிம்பு வெள்ளையாக இருந்தது, மாவு பொங்கி வழிந்து பாய் வரை வந்திருந்தது. துடைத்தார். மூன்று துணி பிடித்தது. பிறகு மேசையில் ஒரு வெள்ளைத்தாளைப் போட்டு, பென்சிலைச் சீவி, அடிக்கோலை நேராக வைத்து, கோட்டை எங்கே போடுவது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியாக அந்த அம்மாள் பன்னிரண்டாம் வீட்டுப் பக்கம் திரும்பும்போது அவரிடம் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் நினைவு வந்தது. அடச்சே. சரிங்க என்றல்லவா சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.